பிரேமிளாவின் கார் குடித்த பெற்றோல்

என் மருமகளைப் பெற்றோல் கள்ளி என்று சொன்னது ஊரார் இல்லை, என் வயிற்றில் பிறந்தவன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு பிள்ளைப் பாசம் வந்து நாக்கைப் பிடித்து இழுத்தாலும் சொன்னது சொன்னதாகவே இருக்கட்டும்.

மருமகளின் பேர் பிரேமிளா. என் இளைய மகன் கோகுலனின் மனைவி. கோகுலன் கட்டாரில் வேலை. நாங்கள் இருப்பது ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, முத்தையன்கட்டுக் குளத்தின் வாய்க்கால் ஓரம். யாழ்ப்பாணத்தில் கால் வைக்கக் காணியில்லாமல் இங்கே வந்து காடு வெட்டிய சனம் நாங்கள். பிரேமிளாவின் தகப்பனும் அப்படி வந்தவர்தான். அந்த மனுசனுக்கு ஆண்பிள்ளை இல்லை. ஆனபடியால் அவருடைய லான்ட்மாஸ்டர் உழவு மெஷினின் கைப்பிடியை இவள் பிடித்தாள். தகப்பனின் பழைய சேர்ட்டைத் தன் சட்டைக்கு மேலே மாட்டிக்கொண்டு சேற்று வயலை உழுவாள். பார்த்துச் சிரித்த பொடியன்கள் எல்லாம் பிறகு தங்கள் வயலை உழுது தரச் சொல்லி அவளிடம்தான் வந்து நின்றார்கள்.

கடைசிச் சண்டையின் இடம்பெயர்வில் தகப்பனுக்குக் காலில் செல் துண்டு பட்டது. அவரையும் தாயையும் அயலில் இருந்த இரண்டு கிழவிகளையும் பின்னால் பூட்டின பெட்டியில் ஏற்றிக்கொண்டு, அந்த லான்ட்மாஸ்டரைக் கடற்கரை மட்டுக்கும் ஓட்டிக்கொண்டு போனவள் அவள். அப்போது இருபது வயது கூட இல்லை. "எண்ணெய் எங்கையடி எடுத்தனி?" என்று கலியாணத்துக்குப் பிறகு ஒருநாள் கேட்டேன்.

"விட்டிட்டுப் போன வாகனங்களிலை குழாய் போட்டு வாயாலை உறிஞ்சினனான் மாமி. வாயெல்லாம் புண்" என்றாள்.

அந்தக் கதையை நான்தான் ஒரு பெருமையாக என் மூத்த மகன் பிரதாபனுக்குச் சொன்னேன். அவன் சுவிஸில் இருக்கிறான். அவன் அதை எதற்கு எடுத்து வைத்திருந்தான் என்று பின்னால் தெரிந்தபோது என் வாயை நானே சபித்தேன்.

என் மனுசன் ஐயாத்துரைக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. கிழமைக்கு இரண்டு நாள் வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். முன்பு பஸ்ஸில் போனோம். திரும்பி வரும்போது மனுசன் மாங்குளம் பஸ் நிலையத்தில் நிற்க ஏலாமல் நிலத்தில் குந்திவிடுவார். போன வருசம் புரட்டாதியில் விடுமுறைக்கு வந்த பிரதாபன் அதைக் கண்ணால் கண்டான். அழுதான். அந்தக் கிழமையே ஒரு சின்னக் கார் வாங்கித் தந்தான். ஐந்து பேர் இருக்கலாம், முழங்கால் மடித்தால். அதற்கு அவனை நான் வாழ்த்தினேன். இல்லையென்று சொல்ல மாட்டேன், நன்றி கெட்டவள் இல்லை நான்.

பிரேமிளா முல்லைத்தீவுக்குப் போய் லைசென்ஸ் எடுத்தாள். கார் அவள் கையில் பூனைக்குட்டி மாதிரிப் படுத்தது. காலையில் மாமாவை முன் ஆசனத்தில் இருத்தி, முதுகுக்குத் தலையணை வைத்து, சந்தியில் விமலேஸ்வரியையும் ஏற்றுவாள். விமலேஸ்வரிக்கும் அதே நோய், அதே நாள். அவளுடைய குறுகல் ஒழுங்கைக்குள் கார் போகாது என்பதால் மூக்கனின் கடைக்கு முன்னால் வந்து நிற்பாள். மூக்கன் சந்தியில் கடை வைத்திருக்கிறான். பெற்றோல் அடிக்கிற செற் தூரம் என்றபடியால் மோட்டார் சைக்கிள்காரருக்குப் போத்தில்களில் பெற்றோல் நிரப்பி விற்பான்.

பெற்றோல் பிரதாபனின் செலவு. ஆனால் ஒரு சட்டம் போட்டான். ஒவ்வொரு முறை பெற்றோல் அடிக்கும்போதும், எவ்வளவு அடித்தது, எவ்வளவு தூரம் ஓடியது என்று படம் பிடித்து அனுப்ப வேண்டும். அவன் அங்கே இருந்துகொண்டு கணக்குப் பிரித்துப் பார்ப்பான். இந்தக் கார் ஒரு லீற்றருக்கு இருபத்திரண்டு கிலோமீற்றர் ஓடும் என்று கார் செய்தவன் பேப்பரில் போட்டிருக்கிறானாம். பேப்பரில் போட்டவன் ஒட்டுசுட்டானுக்கு வந்தவனா? எங்களுக்குப் பதினேழு ஓடியது. பிரதாபன் முணுமுணுத்தான், விட்டுவிட்டான். இந்த வருசம் தை பிறந்தது. பதினேழு பதினாலானது. பிறகு பதின்மூன்று. மாசியில் பன்னிரண்டு.

அதற்குப் பிறகு தொலைபேசி வந்தாலே விசாரணைதான்.

"ஏசி போடுறனீரோ?"

"வரேக்கை மட்டும் அத்தான். மாமாவுக்கு வேர்த்துக் களைக்கும்."

"வேறை ஆரையும் ஏத்திறனீரோ?"

"விமலேஸ்வரியக்காவை."

"இதென்ன அம்புலன்ஸோ?"

நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். "ஓமடா, அம்புலன்ஸ்தான்! பெத்த தகப்பன் கொப்பரை ஏத்தினா அம்புலன்ஸ் இல்லாமல் கலியாணக் காரோ?" என்று கத்தினேன். அவனுக்குக் கேட்டிருக்கும். கேட்காத மாதிரி வைத்துவிட்டான்.

விமலேஸ்வரி முதலிலிருந்தே ஏறுகிறவள். ஏசியும் முதலிலிருந்தே போடுகிறதுதான். அப்போ தையில் மட்டும் என்ன வந்தது? பிரேமிளாவுக்கும் விளங்கவில்லை. காருக்குக் கீழே படுத்து எங்கேயாவது ஒழுகுகிறதா என்று பார்த்தாள். மாங்குளத்தில் கராஜ்காரனிடம் காட்டினாள், அவன் ஒரு பிழையும் இல்லை என்றான். சக்கரங்களுக்குக் காற்றடித்தாள். பின்னால் கிடந்த தண்ணீர்க் கானைக் கூட இறக்கி வைத்தாள். ஒன்றுக்கும் அது மசியவில்லை. சோறு தின்னாமல் திரிந்தாள் பிள்ளை.

எங்கள் குடும்பத்துக்கு ஒரு வட்ஸ்அப் குழு இருக்கிறது. சுவிஸ், கனடா, லண்டன், நோர்வே, எல்லா இடத்துச் சொந்தமும் அதற்குள்ளே. எனக்கு எழுத்துத் தெரியாது. என் மனுசன்தான் வாசித்துச் சொல்வார். அன்று போனைப் பார்த்தவர் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, ஆரும் செத்துப் போச்சினமோ?"

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லாட்டி வாசியுங்கோ."

வாசிக்க வைத்தேன். பிரதாபன் எழுதியிருந்தான்: "எங்கடை கார் குடிக்குதோ, மூக்கன்ரை போத்திலுக்கை போகுதோ தெரியேல்லை. காரும் ஒவ்வொரு முறையும் அந்தக் கடை வாசலிலைதானே நிக்குது. எண்ணெய் உறிஞ்சிப் பழகின கை." அதற்குக் கீழே சொந்தக்காரர் எல்லாரும் சிரிக்கிற பொம்மைகள் போட்டிருந்தார்களாம்.

எண்ணெய் உறிஞ்சிப் பழகின கை! செல் விழுகிற இடத்தில் தகப்பனைக் காப்பாற்ற வாய் புண்ணாக உறிஞ்சின பிள்ளையை! எனக்கு உடம்பெல்லாம் நெருப்பு. குசினிக்குள் போனேன். பிரேமிளா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது, எனக்கு முதலே வாசித்துவிட்டாள் என்று.

செருப்பைப் போட்டுக்கொண்டு நேரே மூக்கனின் கடைக்கு நடந்தேன். கடையில் இரண்டு மூன்று பேர் நின்றார்கள். நின்றால் நிற்கட்டும்.

"மூக்கா, என்ரை மருமகள் உனக்குப் பெற்றோல் விக்கிறவளோ? உள்ளதைச் சொல்லு."

மூக்கன் கையில் இருந்த புனலை வைத்தான். "ஆச்சி, ஆர் சொன்னது? எந்த நாய் சொன்னது?"

"என்ரை மகன்."

"ஐயோ, அப்ப நாயெண்டதை விடுங்கோ." பிறகு குரலைத் தணித்தான். "ஆச்சி, அவ எனக்கு வித்ததில்லை. அவதான் என்னட்டை வாங்கிறவா."

"என்ன?"

"தைப்பொங்கலுக்குப் பிறகு வந்த ஒவ்வொரு கிழமையும் போத்தில் வாங்கிக் காருக்கை ஊத்தினவா. ஒருத்தருக்கும் சொல்லாதையுங்கோ எண்டு கெஞ்சினவா. நான் பேசாமல் இருந்தது அதுக்குத்தான்."

வீட்டுக்கு வந்து பிரேமிளாவைப் பிடித்து உலுப்பினேன். கோழி முட்டை விற்ற காசில் சொந்தமாகப் பெற்றோல் வாங்கி ஊற்றியிருக்கிறாள். படத்தில் தொகை குறைவாகத் தெரியட்டும் என்று!

"ஏனடி விசரி?"

"கணக்குச் சரிவந்தா அத்தான் கேக்கிறதை விட்டிடுவார் எண்டு நினைச்சன் மாமி. அவர் கார் திறப்புச் சாவியை வாங்கினா மாமா திரும்பப் பஸ்ஸிலையெல்லோ போகவேணும்."

அப்படியென்றால் அந்தப் பன்னிரண்டும் உண்மையான பன்னிரண்டு இல்லை, அதைவிடக் குறைவு. களவெடுக்கவில்லை என்று காட்டப் போய்க் களவெடுத்தவளின் வேலையைச் செய்து வைத்திருக்கிறாள். நான் அவளைப் பேசினேன், கட்டிப்பிடித்தேன், திரும்பவும் பேசினேன். கோகுலனுக்குப் போன் அடித்துச் சொன்னேன். அவன் அங்கிருந்து, "அண்ணையோடை கொளுவாதையுங்கோ அம்மா, அவர்தானே எல்லாம் செய்யிறார்" என்றான். அவனையும் பேசினேன். பெண்சாதியின் பேரைத் தெருவில் போட்டு உழக்குகிறார்கள், இவன் அண்ணை என்கிறான்.

மாசி கடைசியில் பிரதாபன் வந்து இறங்கினான். சொக்லேற் பெட்டியை மேசையில் வைத்தான், அடுத்த கையால் கார் திறப்பைக் கேட்டான். பிரேமிளா கொடுத்தாள். கொடுக்கிறதுக்கு முதல், ஆசனத்தில் இருந்த தூசியைத் தட்டிவிட்டாள். எனக்கு அதைப் பார்க்க ஏலவில்லை.

அடுத்த நாள் தனியாகப் போனான். மாங்குளம் செற்றில் வாய் முட்ட நிரப்பி, அங்கிருந்து ஏ-ஒன்பது தெருவால் வவுனியாவுக்கு ஓடி, திரும்பி வந்து அதே செற்றில் நிரப்பிப் பார்த்திருக்கிறான். வீட்டுக்கு வந்தவன் முகத்தில் பரீட்சை பாஸ் பண்ணின சிரிப்பு.

"இருபதுக்கு மேலை ஓடுது அம்மா! அதே கார். ஆள்தான் வேறை."

"கொப்பரை ஏத்தினனியோ?"

"அவரின்ரை பாரம் எவ்வளவு வரப்போகுது? அதுக்காகப் பாதிக்குப் பாதி குறையுமே?" பிரேமிளாவைப் பார்த்தான். "நீர் சொல்லும், பாப்பம்."

"எனக்கும் விளங்கேல்லை அத்தான்" என்றாள் அவள். அவ்வளவுதான். விளங்காததை விளங்கினதாகச் சொல்ல அந்தப் பிள்ளைக்குத் தெரியாது.

மாங்குளத்தில் ஓட்டோ ஓடுகிற விஜிதரனுக்குக் காரைக் கொடுக்கப் போவதாகச் சொன்னான். அவன் வந்து பொறுப்பெடுக்க நாலைந்து நாள் செல்லும். அதற்கிடையில் தகப்பனின் ஆஸ்பத்திரி நாள் வந்தது. தானே ஓடுவதாகச் சொன்னான். நானும் வெளிக்கிட்டேன். பிரேமிளாவையும் கையைப் பிடித்து இழுத்துப் பின்னால் ஏற்றினேன். "நான் ஏன் மாமி?" என்றாள். "உன்ரை மாமாவைக் கட்டிலிலை இருந்து தூக்க இவனுக்குத் தெரியுமோ? ஏறு" என்றேன். சந்தியில் விமலேஸ்வரியும் ஏறினாள். பிரதாபன் ஒன்றும் சொல்லவில்லை, நான் கண்ணாடிக்குள்ளால் அவனையே பார்த்துக்கொண்டிருந்தபடியால்.

ஸ்ரியறிங்குக்குப் பின்னால் ஒரு சின்னத் திரை இருக்கிறது. ஒரு லீற்றருக்கு எத்தனை ஓடுகிறது என்று அது காட்டுமாம். வெளிக்கிடும்போதே அதைப் பழைய கணக்கெல்லாம் அழித்துப் புதிதாகத் தொடங்க வைத்தான். கொஞ்சத் தூரம் போனதும் சொன்னான்: "பாத்தீங்களோ அம்மா, பதினெட்டு. இத்தனை பேரோடையும் பதினெட்டு."

"நம்பரைப் பாக்காமல் றோட்டைப் பார்."

ஒட்டுசுட்டான் தாண்டியதும் நெல் தொடங்கியது.

மெஷின் வெட்டிக் கொட்டுகிற நெல் ஈர நெல். உடனே காயவிடாவிட்டால் முளைத்துவிடும். அவ்வளவு நெல்லையும் காயவிட யாரிடம் முற்றம் இருக்கிறது? அறுவடை தொடங்கினால் மாங்குளம் போகிற தார்த் தெருவில் பாதி எங்களுடைய களம்தான். படங்குத் துணி விரித்தும், விரிக்காமல் வெறும் தாரிலும், ஆள் ஆளாகப் பரவி, ஓரத்துக்குக் கல்லும் தடியும் வைத்திருப்பார்கள். மிச்சப் பாதியில் பஸ்ஸும் லொறியும் வரும்.

முன்னால் ஒரு லொறி வந்தது. பிரதாபன் ஸ்ரியறிங்கை வெட்டிக் காரைத் தெருவோரக் கிரவல் மண்ணுக்குள் இறக்கினான். குண்டும் குழியும். முதலாம் கியரில் உறுமி உறுமி ஊர்ந்து, நெல் முடிகிற இடத்தில் மேலே ஏறினான். கொஞ்சம் ஓடினான், அடுத்த நெல். எதிரே பஸ். திரும்ப இறக்கினான். ஏறினான். இறக்கினான். ஒரு இடத்தில் எதிரே ஒன்றுமே வரவில்லை. ஆனால் நெல் பரவினவன் ஆசைப்பட்டு முக்கால் தெருவையும் பிடித்திருந்தான். அங்கேயும் சொல்லாமல் கொள்ளாமல் இறக்கினான்.

கமலாசனி என்று எங்கள் வாய்க்கால்காரி ஒருத்தி காலால் நெல்லை அளைந்துகொண்டு நின்றாள். காருக்குள் குனிந்து பார்த்தாள். "என்ன பிரேமிளா, இண்டைக்கு மகாராணி மாதிரிப் பின்னுக்கு? ஆர் உந்தப் புது றைவர்? நத்தையை விட மெல்லமா வாறார்!"

விமலேஸ்வரி சிரித்தாள். பிரேமிளா சிரிக்கவில்லை. பிரதாபனும் சிரிக்கவில்லை. அவன் கண் அந்தச் சின்னத் திரையில் இருந்தது.

மாங்குளத்துக்குக் கிட்ட ஒரு மரத்தடியில் காரை நிறுத்தினான். எஞ்சினையும் நிறுத்தினான்.

"ஏனடா நிப்பாட்டினனி? கொப்பருக்கு நேரமெல்லோ போகுது."

"பதினொண்டு காட்டுது அம்மா."

அந்த நேரம் நான் விடுவேனா? எத்தனை நாள் நெஞ்சுக்குள் கிடந்து கொதித்தது. "அப்ப மிச்சத்தை ஆரடா வித்தது? நாலு பேர் பாக்க, உன்ரை காலுக்குக் கீழை இருந்து ஆர் போத்திலிலை ஊத்தினது? மூக்கன் டிக்கிக்கை ஒளிச்சிருக்கிறானோ, பார்!"

"நெல்லுக் கிடந்துது... கிரவலுக்கை முதலாம் கியரிலையெல்லோ வந்தனான்."

"ஏன் இறக்கினனி? நேரை நெல்லுக்கு மேலாலை விட்டிருக்கலாமே?"

அவன் திரும்பி, எனக்கு விசர் பிடித்துவிட்டதோ என்கிற மாதிரிப் பார்த்தான். "நெல்லிலை எப்பிடியம்மா சக்கரத்தை ஏத்திறது?"

பின்னால் இருந்த பிரேமிளா வாயில் கையை வைத்தாள். "மாமி... தையிலையிருந்துதான் கூடினது. நெல்லு வெட்டத் தொடங்கினது தையிலை."

எங்களுக்கெல்லாம் அறிவு எங்கே போனது என்று எனக்கு இன்னும் கோபம். காருக்குக் கீழே படுத்துப் பார்த்தோம். கராஜுக்குப் போனோம். களவு என்றோம், கடைக்காரனில் பழி போட்டோம். நெல்லைக் கண்டால் இறங்கிப் போகிறதை ஒருத்தரும் ஒரு காரணமாக நினைக்கவில்லை. அதை யார் நினைப்பது? மூச்சு விடுகிறதை ஆர் எண்ணிக்கொண்டிருக்கிறது? சோற்றில் கால் படாமல் விலகுகிற மாதிரி நெல்லுக்கு விலகுகிறோம். பதினைந்து வருசம் பனி நாட்டில் இருந்துவிட்டு வந்தவனும் விலகினான். தான் விலகினதை அவனும் திரையைப் பார்த்த பிறகுதான் கண்டான்.

என் மனுசன் முன் ஆசனத்தில் இருந்து மெல்லக் கேட்டார்: "இப்ப வெளிக்கிடலாமோ? எனக்கு ஏலாமல் கிடக்கு."

ஏ-ஒன்பதில் ஏறியதும் அந்த நம்பரும் மெல்ல மேலே ஏறியதாம். ஏறட்டும். திரும்பி வரும்போது இன்னும் நெல் கிடக்கும்.

ஆஸ்பத்திரியில் பிரேமிளா மாமாவையும் விமலேஸ்வரியையும் உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். நானும் பிரதாபனும் வெளியே வேப்பமரத்துக்குக் கீழே மர வாங்கில் குந்தியிருந்தோம். "சரி அம்மா, விளங்கீற்றுது. இனி விடுங்கோ. வீட்டுக்கை முடிஞ்ச கதை" என்றான்.

"வீட்டுக்கையோ தொடங்கினது? கனடா மட்டுக்கும் போனது. போன வழியாலையே திரும்பி வரவேணும். குழுவிலை சொல்லு."

முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனை எடுத்து விரலால் தட்டத் தொடங்கினான்.

"எழுதாதை. எழுதினா எனக்குத் தெரியாது. வாயாலை சொல்லு, நான் கேக்க."

"அம்மா, சனம் பாக்குது."

"பாக்கட்டும். அவளை அவ்வளவு சனமும் பாத்துச் சிரிச்சதெல்லோ?"

போனை வாய்க்குக் கிட்டப் பிடித்தான். "எல்லாருக்கும் வணக்கம். காரிலை பிழையில்லை. றோட்டிலை நெல்லுக் காயப்போடுறதாலைதான் பெற்றோல்..."

"றோட்டையோ நீ கள்ளி எண்டனி?"

நிறுத்தினான். என் பிள்ளைதான், எனக்கும் நெஞ்சு இளகப் பார்த்தது. நான் இளக விடவில்லை. திரும்பத் தொடங்கினான். "பிரேமிளா ஒரு துளி பெற்றோலும் எடுக்கேல்லை. தன்ரை காசிலையும் வாங்கி ஊத்தியிருக்கிறா. நான் சொன்னது முழுப் பொய். அந்தக் கை பற்றிச் சொன்னதும்... அது நான் சொல்லியிருக்கக் கூடாது."

அனுப்பினான். கொஞ்ச நேரத்தில் கனடாவிலிருந்து யாரோ கும்பிடுகிற கை போட்டார்களாம். சிரித்தவர்களில் ஒருத்தர் கூட வாய் திறக்கவில்லை. அவர்களை நான் பிறகு பார்த்துக்கொள்வேன்.

பின்னேரம் பிரேமிளா மாமாவைத் தாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். அவள் கேட்டாளோ தெரியாது. போன் அவளிடமும் இருக்கிறது. பிரதாபன் எழும்பித் திறப்பை நீட்டினான். "நீரே ஓடும் பிரேமிளா. இனி நீர்தான்."

அவள் உடனே வாங்கவில்லை. மாமாவை முன் ஆசனத்தில் இருத்தி, தலையணையைச் சரிசெய்து, கதவைச் சாத்தினாள். பிறகுதான் அவன் பக்கம் திரும்பினாள்.

"இனிப் படம் பிடிச்சு அனுப்ப மாட்டன் அத்தான். பெற்றோல் முடிஞ்சா முடிஞ்சது எண்டு சொல்லுவன். நம்பினா அடிச்சுத் தாங்கோ. இல்லாட்டி இப்பவே விஜிதரனைக் கூப்பிடுங்கோ, நான் மாமாவோடை பஸ்ஸிலை போறன்."

அவள் அவ்வளவு நீளமாக அவனோடு பேசி நான் கேட்டதில்லை. குரல் உயரவில்லை.

"ஓம்" என்றான் பிரதாபன்.

"பின்னுக்கு ஏறுங்கோ அப்ப."

எனக்கும் விமலேஸ்வரிக்கும் நடுவில், முழங்காலை மடித்துக்கொண்டு, கார் வாங்கித் தந்தவன் இருந்தான். பிரேமிளா ஏசியைப் போட்டாள். ஒருத்தரையும் கேட்கவில்லை. வந்த களைப்பும் குளிர்காற்றும் சேர, ஓமந்தை தாண்டும்போது அவன் நித்திரை தூங்கி என் தோளில் தலையைச் சாய்த்தான். தள்ளிவிட்டேன். புளியங்குளத்தில் திரும்பவும் சாய்த்தான். திரும்பவும் தள்ளிவிட்டேன். மாங்குளம் வரும் மட்டும் தள்ளிக்கொண்டே வந்தேன்.